பால்வினை நோய்த் தடுப்பும் கேள்வி கேட்கும் முறையும்

நமது சங்க இதழின் மருத்துவப் பகுதிக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். பால்வினை நோய்களைப் பற்றி எழுதட்டுமா என்றதும் அவருடைய குரல் சற்றுத் தாழ்ந்தது. "குடும்பங்கள் படிக்கிற பத்திரிகையம்மா" என்றார். அந்த நோய்களும் குடும்பங்களுக்குத்தானே வருகின்றன என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அவருக்கு என் நன்றி.

நான் மருத்துவர் அல்ல. மும்பையில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் 29 ஆண்டுகள் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து, 2013-ல் ஓய்வு பெற்றவள். மருத்துவர் ஊசி போடுவார், மாத்திரை எழுதுவார். நோயாளி எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார், ஏன் தாமதமாக வந்தார், மறுபடி வருவாரா என்பதையெல்லாம் விசாரித்து எழுதி வைப்பது எங்கள் வேலை. தமிழ் தெரிந்தவள் என்பதால் தாராவி, ஆண்டாப் ஹில், சீட்டா கேம்ப் பக்கத்திலிருந்து வரும் நம்மவர்களை என் மேஜைக்குத்தான் அனுப்புவார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் மருந்தைப் பற்றிக் குறைவாகவும், விசாரிப்பதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1991-ஆம் ஆண்டு என்று நினைவு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயதிருக்கும், தாராவியிலிருந்து வந்தாள். கணவனுக்குத் தோல் பட்டறையில் வேலை. "எக்கா, வெள்ளையாப் போகுது. இடுப்பெல்லாம் விட்டுப்போகுது" என்றாள். மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் திரும்பி வந்து அதையே சொன்னாள். மறுபடி மாத்திரை. மூன்றாவது முறை வந்தபோது விரிவாக விசாரித்து எழுதும்படி அவளை என்னிடம் அனுப்பினார்கள்.

என் கையில் ஒரு படிவம் இருந்தது. மராத்தியில் அச்சடித்தது. நான் அதைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். பெயர், வயது, குழந்தைகள், மாதவிலக்கு என்று போய், "உங்கள் கணவருக்கு வேறு பெண்களுடன் தொடர்பு உண்டா? ஆம், இல்லை" என்று முடியும். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். அவளுடைய மாமியாரின் தங்கை பின்னால் நிற்கிறாள். வரிசை வாசல் வரைக்கும் போயிருக்கிறது. நான் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்தேன்.

"சீ, என்னக்கா இப்படிக் கேக்கிய? அவுக தங்கமான மனுசன்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. நான் "இல்லை" என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு குறி போட்டேன். அதன் பிறகு அவள் வரவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பிரசவ வார்டுப் பதிவேட்டில் அவள் பெயரைப் பார்த்தேன். எட்டாம் மாதம், குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அன்றைக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ், அதாவது நம்மூரில் கிரந்தி என்றும் மேகப்புண் என்றும் சொல்கிற நோய், இருப்பதாக எழுதியிருந்தது. கணவனை வரவழைத்து ஆண் மருத்துவர் ஒருவர் தனியாகப் பேசியபோது விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு அவனுக்கு ஒரு புண் வந்திருக்கிறது. வலி இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறிவிட்டது. ஆறிவிட்டதால் போய்விட்டது என்று நினைத்துவிட்டான். ஆனாலும் மனத்தில் ஒரு பயம். "நரம்புத் தளர்ச்சி"க்கு என்று நடைபாதை வைத்தியர் ஒருவரிடம் மாதாமாதம் லேகியம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சம்பளத்தில் பாதி அதற்கே போயிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளைப்படுவது கிரந்தி நோயின் அடையாளம் அல்ல. அவள் சொன்ன தொந்தரவும் அவளுக்கிருந்த நோயும் வேறு வேறு. என்றாலும் அந்தத் தொந்தரவைச் சொல்லிக்கொண்டுதான் அவள் மூன்று முறை எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் தொடர்ந்து வந்திருந்தால் கர்ப்பம் தரித்ததுமே இரத்தம் எடுத்திருப்போம். பென்சிலின் ஊசியில் தாயும் பிழைத்து, குழந்தையும் பிழைத்திருக்கும். மருந்து அலமாரியில் இருந்தது. அவளை விரட்டியது என் கேள்வி. அன்று மாலையே அந்தப் படிவத்தைப் பற்றி மேலதிகாரியிடம் சொன்னேன். "படிவம் மேலேயிருந்து வந்தது" என்றார்.

மக்கள் ஒரு நோய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், எதைச் சொல்லக் கூசுகிறார்கள், முதலில் யாரிடம் போகிறார்கள், எதற்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்பதை முறையாக ஆராய்கிற படிப்பு சமூக அறிவியல். நான் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அது நோய்த் தடுப்புக்கு எப்படிப் பயன்படுகிறது என்று புரிந்துகொள்ள அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆயிற்று. நம் நாட்டிலேயே, அதிலும் நாம் வந்து குடியிருக்கிற இந்த மகாராஷ்டிரத்திலேயே, இதற்கு அருமையான உதாரணங்கள் இருக்கின்றன.

முதல் உதாரணம் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் அந்தக் காட்டு மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்த பெண்களை மட்டும் பார்க்காமல், ஊரிலுள்ள பெண்களையெல்லாம் பார்த்தது அந்த ஆய்வின் சிறப்பு. நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு அல்லது கருப்பை சம்பந்தமான ஏதோ ஒரு நோய் இருந்தது. சராசரியாக ஒருத்திக்கு மூன்றுக்கும் மேற்பட்ட கோளாறுகள். அதற்கு முன் இதற்காக ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். அதுவரை "கிராமத்துப் பெண்களுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, இருந்தால் சொல்லியிருப்பார்கள்" என்று அரசாங்கமும் மருத்துவ உலகமும் நிம்மதியாக இருந்தன. என் படிவத்தில் "இல்லை" என்று குறி போட்ட அதே நிம்மதிதான்!

கட்சிரோலி ஆய்வைப் படித்துவிட்டு, வெள்ளைப்படுகிறது என்று வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தொற்று இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அப்படித்தான் பல இடங்களில் நடந்தது. பரிசோதனை வசதி இல்லாத மருத்துவமனைகளில் அறிகுறியை மட்டும் வைத்து மருந்து கொடுக்கும் முறை பரவியபோது, தேவையில்லாத பெண்களுக்கெல்லாம் மாத்திரைகள் போயின. கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் சுமார் 2,500 பெண்களைப் பரிசோதித்து, பேட்டியும் எடுத்து, 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களிடம் தொற்றைவிட மனச்சோர்வும் கவலையும் உடல் அசதியும்தான் வலுவாகத் தொடர்புபட்டிருந்தன. உண்மையான பால்வினைத் தொற்று இருந்தவர்கள் மிகச் சிலரே.

இதைப் படித்த அன்றுதான் அந்தத் தாராவிப் பெண்ணின் பேச்சு எனக்குப் புரிந்தது. நம் பெண்கள் "மனசு சரியில்லை" என்று ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். "என் புருஷன் ராத்திரியில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சம்பளம் எங்கே போகிறதென்று தெரியவில்லை" என்று எந்த மருத்துவரிடம் சொல்வது? வெள்ளைப்படுகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்பது சொல்லக்கூடிய தொந்தரவு. இந்திக்காரப் பெண்கள் "சஃபேத் பானி" என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். அப்படி ஒருத்தி வந்தால் மருத்துவர் இரண்டையும் பார்க்க வேண்டும்: தொற்று உண்டா என்று பரிசோதனையிலும், வீட்டில் என்ன நடக்கிறது என்று பேச்சிலும். நாங்கள் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி ஆண்களுக்கு வருவோம். மும்பை லோக்கல் ரயிலில் போகிற எல்லாரும் பெட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "குப்த் ரோக்", அதாவது இரகசிய நோய், என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நம்மூரிலும் மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடுகிற வைத்தியர்கள் உண்டல்லவா, அதே வியாபாரம்தான். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவோம். சிரிக்காமல் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் தேவ்னாரிலுள்ள மக்கள்தொகை அறிவியலுக்கான பன்னாட்டு நிறுவனத்தையும், அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ரவி வர்மா, ஸ்டீபன் ஷென்சுல் முதலிய ஆய்வாளர்கள். 2001 முதல் வடகிழக்கு மும்பையின் மூன்று குடிசைப் பகுதிகளில் இந்த வேலையைச் செய்தார்கள். "ரிஷ்தா", உறவு, என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திருமணமான ஆண்களை அவர்கள் விசாரித்தார்கள். "குப்த் ரோக்" என்ற ஒரே சொல்லுக்குள் ஆண்கள் பல விஷயங்களைப் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. விந்து வீணாகிறது, பலவீனம், அளவு போதவில்லை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற கவலைகள் ஒரு பக்கம். "கர்மி", நாம் சூடு, வெட்டை என்கிறோமே, அந்தத் தொற்று நோய்கள் இன்னொரு பக்கம். முதல் வகைக் கவலை ஏராளம். இரத்தத்திலும் சிறுநீரிலும் தொற்று உண்மையில் இருந்தவர்கள் குறைவு. ஆனால் இந்தக் கவலை உள்ள ஆண்கள்தான் வெளித் தொடர்புகளிலும் அதிகம் ஈடுபட்டிருந்தார்கள் என்பது ஆய்வில் தெரிந்த முக்கியமான சேதி. வீட்டில் மனைவியிடம் பேச முடியாத சங்கடம், வெளியே போய்த் தன்னைச் சோதித்துப் பார்க்கும் ஆசை, பிறகு பயம், பிறகு லேகியம்.

எய்ட்ஸ் வரும், ஆணுறை போடு என்று சுவரில் எழுதினால் அந்த ஆண் திரும்பிப் பார்க்கமாட்டான். அவனுடைய பயம் வேறு. ஆகவே ஆய்வாளர்கள் அவனுடைய பயத்தையே நுழைவாயிலாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிகளில் மக்கள் முதலில் போவது ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருத்துவர்களிடம். அவர்களைப் போலி என்று ஒதுக்காமல் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். "பலவீனம்" என்று ஒருவன் வந்தால், அவன் கதையை முழுதாகச் சொல்லவிட்டு, அந்தக் கதையிலிருந்தே ஆபத்தான நடத்தையைப் பற்றிய பேச்சை எடுத்து, மனைவியோடு உள்ள உறவைப் பற்றியும் பேச வேண்டும் என்பது அந்தப் பயிற்சி. மாநகராட்சி சுகாதார மையத்தில் ஆண்களுக்கென்று தனி மருத்துவப் பிரிவும் தொடங்கினார்கள். பின்னர் அதே முறையில் பெண்களின் "சஃபேத் பானி"யை நுழைவாயிலாக வைத்தும் வேலை நடந்தது.

இந்தத் திட்டத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. கட்டுரைகளைப் படித்து, என் மேஜையில் முடிந்த அளவு செய்து பார்த்தேன். அவ்வளவுதான்.

கேள்வி கேட்கும் முறையிலேயே பொய்யும் மெய்யும் பிரிந்துவிடுகின்றன என்பதற்குக் கர்நாடகத்தில் ஓர் அழகான சோதனை செய்திருக்கிறார்கள். "வாக்குச்சாவடி முறை" என்று பெயர். ஒரே வயதும் பாலும் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு கூடத்தில் தனித்தனி அட்டைத் தடுப்புக்குள் உட்கார வைப்பார்கள். முன்னால் நிற்பவர் ஒரு கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகப் படிப்பார். ஒவ்வொருவரும் தன் கையிலுள்ள சீட்டை ஆம் பெட்டியிலோ இல்லை பெட்டியிலோ போட வேண்டும். பெயர் கிடையாது, யார் போட்டது என்று கேட்டவருக்கும் தெரியாது. நேருக்கு நேர் பேட்டியில் கிடைத்ததைவிட இதில் உண்மை அதிகமாக வெளியே வந்தது. நம் மக்களுக்கு ஓட்டுப் போடத் தெரியும். அந்தப் பழக்கத்தையே ஆராய்ச்சிக்குக் கருவியாக்கியவர்களின் புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

கல்கத்தா சோனாகாச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பாடம் முழுமை பெறாது. 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே ஆய்வு நடத்தியபோது ஆணுறை உபயோகம் மிக மிகக் குறைவு. காரணம் அறியாமை என்று நினைத்தால் தவறு. வாடிக்கையாளன் மறுத்தால் அன்றைய சாப்பாடு போய்விடும், போலீஸ் பிடிக்கும், கந்துவட்டிக்காரன் நிற்பான், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்குள்ளிருந்தே சிலரைப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். 1995-ல் அவர்களே தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற சங்கத்தையும், உஷா என்ற கூட்டுறவுச் சேமிப்பு நிறுவனத்தையும் அமைத்துக்கொண்டார்கள். கையில் சேமிப்பு வந்த பிறகு வாடிக்கையாளனிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது. தொண்ணூறுகளில் நம் மும்பையில் அதே தொழிலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அளவுக்கு எச்.ஐ.வி. பரவியிருந்த காலத்தில், சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. டாக்டர் ஜானா 2021-ல் கொரோனாவால் காலமானார்.

தமிழகத்துக்கும் இந்தக் கதையில் முக்கிய இடம் உண்டு. நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் சென்னையில்தான் தெரியவந்தது. கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை வகித்த டாக்டர் சுனிதி சாலமன், சென்னையில் பிறந்த மராத்திக் குடும்பத்துப் பெண். அங்கே போன மராத்தியர் நமக்குச் செய்த உதவி என்று இங்கே வந்த நாம் நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில், பிரசவத்துக்கு முன் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் எச்.ஐ.வி. 2000-ல் 1.7 சதவீதமாக இருந்தது, 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்தது என்று 2006-ல் லான்செட்டில் வந்த கட்டுரை சொல்கிறது. பாலியல் தொழிலாளரிடம் போகிற ஆண்கள் அதிகமாக ஆணுறை உபயோகிக்கத் தொடங்கியது ஒரு முக்கிய காரணமாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். இளம் மனைவியருக்குத் தொற்று குறைந்தது கணவன்மார் செய்த ஒரு காரியத்தால்.

என் மேஜைக்குத் திரும்புகிறேன். பிற்காலத்தில் நான் படிவத்தை முதலில் எடுப்பதில்லை. கூட வந்தவரை டீ வாங்கி வர அனுப்பிவிடுவேன். "ஊர்ல எந்தப் பக்கம்? இங்க வீட்டுல யார் யார் இருக்கீங்க? ராத்திரி தூக்கம் வருதா?" என்று ஆரம்பிப்பேன். கணவனைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில், "நிறைய வீட்டுல ஆம்பளைங்க தொந்தரவு இருந்தாலும் வெளிய சொல்றதில்ல, தனியா வைத்தியம் பாக்கிறாங்க. உங்க வீட்டுல எப்படிம்மா?" என்பேன். அதற்கு "ஏதோ லேகியம் சாப்பிடுகிறார்" என்று பதில் வந்தால் போதும், கணவனை ஆண் மருத்துவரிடம் வரவழைப்போம். ஒரு நோயாளிக்கு அரைமணி ஆகும். அதிகாரிகள் கடிந்துகொண்டதுண்டு.

வீட்டில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வலியில்லாத புண் தானாக ஆறினாலும் நோய் இரத்தத்தில் தங்கியிருக்கும், பரிசோதித்தே ஆகவேண்டும். பெண்களுக்குப் பல தொற்றுகள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருந்து சாப்பிடாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்ப வரும். கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி.க்கும் சிஃபிலிஸுக்கும் இரத்தம் கொடுத்துவிட வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் எடுப்பதுதான். ஊரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகள், மருமகப்பிள்ளைகள் யாராவது பலவீனம், நரம்புத் தளர்ச்சி என்று புலம்பினால் கேலி செய்து வாயை அடைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையோடுதான் அவன் வந்திருக்கிறான்.

அரசு மருத்துவமனைகளில் "சுரக்‌ஷா கிளினிக்" என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மருந்தும் இலவசம். 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். 2017-ல் இயற்றி 2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்வதும் முடிவை வெளியே சொல்வதும் கூடாது. போகும்போது பழைய மருந்துச் சீட்டு, லேகிய டப்பா, எதுவாக இருந்தாலும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மறைக்க வேண்டாம். ஆலோசகரின் அறைக் கதவு திறந்திருந்தால் சாத்தச் சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் காலத்தில் எனக்கு அறையே கிடையாது, வராந்தாவில் ஒரு மேஜைதான்.